அமாவாசைக்குத் தறி ஓடாது

நூலின் முனை எங்கே இருக்கிறது என்பதுதான் அண்ணாதுரைக்குப் பிடிபடவில்லை. குஞ்சின் வலது காலில் மெரூன் நூல் ஏழெட்டுச் சுற்று சுற்றி, விரல்களுக்கு நடுவே புகுந்து, மறுபடி மேலேறிச் சிக்கலாகியிருந்தது. விளக்குமாற்றுக் குச்சி அளவுதான் கால். நூல் இறுக்கிய இடத்துக்குக் கீழே வீங்கி வெளுத்திருந்தது. கத்தரிக்கோலை எடுத்தால் ஒரு நிமிட வேலை. ஆனால் முப்பத்தைந்து வருஷம் தறி ஓட்டிய ஆளுக்குச் சிக்கலைக் கண்டால் கத்தரிக்கோல் ஞாபகத்துக்கு வருவதில்லை. கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு, தறிக்கொட்டகையின் பின்சுவரோரம் குந்தியபடி, நகத்தால் ஒவ்வொரு இழையாக நெம்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொண்டைக்குருவிக் குஞ்சு. இறக்கை பாதி முளைத்து, வால் என்று சொல்ல ஒரு நகத்தளவு, அலகின் ஓரங்களில் மஞ்சள். மூன்று நான்கு வாரத்துக்கு முன்பு இரண்டு பெரிய குருவிகள் கொட்டகைக்குப் பின்னால் மூட்டை கட்டி வைத்திருக்கும் கழிவு நூலை இழுத்து இழுத்துக் கொண்டுபோவதை அவர் பார்த்திருக்கிறார். நந்தியாவட்டைச் செடிக்குள் அவை கட்டிய கூட்டில் பாதி இந்த வீட்டு நூல். அதே நூல் குஞ்சின் காலைப் பிடித்து, அது கீழே விழுந்தும் விழாமலும் ஒரு முழம் தொங்கிக்கொண்டிருந்தபோதுதான், பெருக்க வந்தவர் கண்ணில் பட்டது.

அவருடைய விரல் பக்கத்தில் வரும்போதெல்லாம் குஞ்சு வாயைத் திறந்தது. தலையே வாயாகிவிட்டது போல அத்தனை அகலமாக. உள்ளே ரத்தச் சிவப்பு. தொண்டை துடித்தது. மூடும், மறுபடி திறக்கும். சத்தம் இல்லை. கத்தக்கூடத் தெம்பில்லாமல் போய்விட்டது என்று நினைத்தார். ராத்திரி முழுக்கத் தொங்கியிருக்கும், தொண்டை அடைத்துப் போயிருக்கும்.

முனை கிடைத்தது. குஞ்சின் ஓரத்து விரலிடுக்கில் எச்சத்தோடு ஒட்டிக் கிடந்தது. எச்சில் தொட்டு ஈரமாக்கி, உரித்து, வந்த வழியிலேயே ஒவ்வொரு சுற்றாகத் திருப்பி எடுத்தார். கடைசிச் சுற்று கழன்றதும் குஞ்சு அந்தக் காலை மடக்கி வயிற்றோடு சேர்த்துக்கொண்டது. அவருக்குச் சந்தோஷம் எதுவும் வரவில்லை. வரவேண்டும் என்று ஒரு கணம் காத்திருந்து பார்த்தார். கையில் மிச்சமிருந்த நூலை உருட்டி எறிந்துவிட்டு, குஞ்சை உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.

அன்று அமாவாசை. ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் அமாவாசைக்குத் தறி ஓடாது. மற்ற நாட்களில் விடிந்தால் பொழுதுபோனால் தடதடவென்று அதிர்ந்துகொண்டிருக்கும் தெரு, அன்று ஒருநாள் மட்டும் யாரோ கையை வைத்து அழுத்திப் பிடித்தது போல இருக்கும். மனைவி சுலோசனா காலையிலேயே குளித்துவிட்டு அம்மன் கோயிலுக்கும், அப்படியே புத்தூரில் தம்பி வீட்டுக்கும் போயிருந்தாள். பூனை நடமாட்டம் இருந்ததால் அவர் கொட்டகைக் கதவைச் சாத்தினார். நூல்கோன் வந்த அட்டைப்பெட்டி ஒன்றில் பழைய லுங்கித் துண்டை விரித்து, குஞ்சை உள்ளே விட்டு, ஓடாத இரண்டு தறிகளுக்கும் நடுவில் வைத்தார். பஞ்சில் தண்ணீர் நனைத்து வாயில் பிழிந்தார். அது தலையை உதறியது. இட்லியை மிளகளவு கிள்ளி நீட்டினார். வாயைத் திறந்தது, விழுங்கவில்லை, இட்லி அலகோரமாக வழிந்தது. மறுபடி திறந்தது. சாகப்போகிற ஜீவனுக்குக் கடைசியில் வாய் மட்டும்தான் மிஞ்சும்போல என்று நினைத்தபடி, பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

வீட்டில் பேச்சு குறைந்து ஒரு மாதம் ஆகிறது. சரியாகச் சொன்னால் ஓர் அமாவாசையிலிருந்து இந்த அமாவாசை வரை.

மகள் மோகனப்ரியா பிரசவத்துக்கு வந்திருந்தாள். திருப்பதி ஆஸ்பத்திரியில் பிறந்தது பெண் குழந்தை. நர்ஸ் வந்து சொன்னபோது அவர் "சரி" என்றார். பிறகு டீ குடிக்கப் போனார். அவரைப் பொறுத்தவரை அது சந்தோஷத்தில் கைகால் ஓடாமல் போனது. ஆனால் முகம் அப்படி ஒன்றும் காட்டியிருக்காது. அவருடைய முகம் எப்போதுமே எதையும் காட்டுவதில்லை. மூன்று மாதம் குழந்தை இந்த வீட்டில் இருந்தது. பிரித்திகா என்று பேர் வைத்தார்கள். போன அமாவாசை அன்று மத்தியானம், ப்ரியா தலைக்குக் குளிக்கப் பின்பக்கம் போனாள். சுலோசனா மாவு அரைக்கக் கடைக்குப் போயிருந்தாள். "நைனா, பாப்பாவப் பாத்துக்கோ" என்று அவர் தோளைத் தொட்டுச் சொல்லிவிட்டுத்தான் ப்ரியா போனாள். அவர் சேலைத்தூளியிலிருந்து இரண்டு கை தூரத்தில், வெளிச்சத்துக்காக வாசலைப் பார்த்து உட்கார்ந்து, தறியில் ஊடைநூலைக் கொண்டு ஓடும் நாடாவின் முனையில் இருந்த பிசிரை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெங்கடலட்சுமி அவரைத் தாண்டி உள்ளே ஓடியதுதான் அவருக்குத் தெரியும். மூன்று வீடு தள்ளி இருக்கிறவள். அவள் தூளிக்குள் கையை விட்டுக் குழந்தையை வெளியே எடுத்தபோது, அதன் கழுத்தைச் சுற்றிச் சேலை முறுக்கிக்கொண்டிருந்தது. முகம் நாவல்பழ நிறத்தில் இருந்தது. வெங்கடலட்சுமி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடி அவர் முகத்துக்கு நேரே வந்து தெலுங்கில் கத்தினாள்: "பாப்ப எந்தசேப்புநுஞ்சி ஏடுஸ்தா உந்தி அன்னா! நுவ்வு நாடா பட்டுக்குனி கூர்சுன்னாவா?" எவ்வளவு நேரமாகக் குழந்தை அழுகிறது, நீ நாடாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயா என்று.

ஈரத்தலையோடு ஓடிவந்த ப்ரியா குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு சுவரோரம் போய் உட்கார்ந்தாள். குழந்தை பால் குடிக்க ஆரம்பித்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"கேக்கலியா நைனா?"

"இல்லம்மா. தூங்குதுன்னு நெனச்சன்."

"மிஷினு கூட ஓடல. தெருவே கம்முனு கீது. மூணு வூடு தள்ளி கீற அத்தைக்குக் கேட்டுச்சி. உனுக்குக் கேக்கல?"

கேட்கவில்லை என்பதுதான் உண்மை.

"பொண்ணுன்னு சொன்ன அன்னிக்கே சரின்னுட்டு டீ குடிக்கப் போனவருதான நீ" என்றாள் ப்ரியா. பிறகு தலையைக் குனிந்துகொண்டு, அவருக்குப் பிடிபடாமல் ஏதோ சொன்னாள். அதற்குள் கடையிலிருந்து திரும்பியிருந்த சுலோசனாவிடம் அவர் பிறகு கேட்டபோது, "கல்லுன்னு சொன்னா. வுடு" என்றாள்.

மூன்றாம் நாள் மருமகன் கோபிகிருஷ்ணன் தடாவிலிருந்து கார் எடுத்துவந்து இருவரையும் கூட்டிக்கொண்டு போனான். ஐந்தாம் மாதம் அனுப்புவதாக இருந்தது. கோபி நல்ல பிள்ளை. போகும்போது, "வரோம் மாமா" என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னான். ப்ரியா காரின் அந்தப் பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவர் அந்த மத்தியானத்தைத் தினமும் எடுத்துப் பார்த்தார். தறி ஓடும்போது கை தன்பாட்டுக்கு வேலை செய்யும், மனசு அங்கே போய் நிற்கும். நாடா, உப்புத்தாள், சாக்கடையில் தண்ணீர் குடித்த ஒரு காக்கை, வாசற்படியில் கட்டம் கட்டமாக விழுந்த வெயில் எல்லாம் இருந்தன. அழுகை மட்டும் இல்லை. எவ்வளவு துழாவினாலும் நினைவின் எந்த மூலையிலும் அது இல்லை. நல்ல அமைதி. அந்த அமைதி தனக்குப் பிடித்திருந்தது என்பதுகூட அவருக்கு ஞாபகமிருந்தது. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. சத்தம் வந்திருக்கிறது. மூன்று வீடு தள்ளிப் போயிருக்கிறது. அப்படியானால் இவர் காதுக்கும் வந்துதான் இருக்கும். வந்த சத்தத்தை உள்ளே வாங்கிக்கொள்ள வேண்டிய ஏதோ ஒன்று இவரிடம் செத்துப்போயிருக்கிறது. மகள் சொன்னது கோபத்தில் சொன்னதல்ல, பார்த்துச் சொன்னது என்று கொஞ்சம் கொஞ்சமாக அவர் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட பிறகு வலிகூட இல்லை. சாப்பிட்டார், தறி ஓட்டினார், தூங்கினார். ப்ரியா போனில் கூப்பிட்டால் சுலோசனா பேசுவாள். அவரிடம் போன் வருவதில்லை. அவரும் கேட்பதில்லை.

குஞ்சு வாயைத் திறந்துகொண்டே இருந்தது. இப்போது திறக்கும்போது உடம்பே ஆடியது. ஜன்னல் கம்பிவலையில் நிழல் ஒன்று வந்து மோதியது போலிருந்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் போய்விட்டது.

கதவு திறந்து வெளிச்சம் விழுந்தபோதுதான் சுலோசனா வந்ததே தெரிந்தது. கையில் பூவும் தேங்காய் மூடியும் இருந்த பை. அவள் வெளியே துணி காயப்போடும் கொடிக்கம்பியைத் திரும்பிப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், அவர் முன்னால் வந்து நின்றாள்.

"இன்னாய்யா இது, தெருமுனையில வரும்போதே கேக்குது. ஒண்ணு உள்ள கத்தினு கீது, ரெண்டு வெளிய கத்தினு கீது."

"எது?"

"எதுவா? இதோ, இதுதான். தொண்ட கிழியக் கத்துது பாரு."

"அது எங்க கத்துது? வாயத்தான் தொறக்குது. சத்தமே வரல. செத்துடும்போல கீது."

சுலோசனா சிரித்துவிட்டாள். ஒரு மாதத்தில் அவள் அவரைப் பார்த்துச் சிரிப்பது அதுதான் முதல் தடவை. "உனுக்கு இன்னா, காதுல நூல அடச்சி வெச்சிக்கீறியா?" என்று கேட்டாள். பிறகு அந்தச் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோயிற்று. அவரைப் பார்த்தாள். குஞ்சைப் பார்த்தாள். பையைத் தறியின் மேல் வைத்துவிட்டு அவருக்குப் பின்னால் போனாள்.

தறிக்காரர் தெருவில் யாரும் யாருடைய முதுகுக்குப் பின்னாலிருந்தும் பேசுவதில்லை. அந்தச் சத்தத்தில் பேசி என்ன பயன்? தோளைத் தொட வேண்டும், ஆள் திரும்ப வேண்டும், முகத்துக்கு முகம் பார்த்து வாயை அகலமாக அசைக்க வேண்டும். பாதி வாயசைப்பு, பாதி கைஜாடை. அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிடும், கல்யாணத்திலும் வரும், கருமாதியிலும் வரும். வெளியூரிலிருந்து பெண் கட்டி வந்தவர்களும் ஒரு வருஷத்தில் தொட்டுப் பேசக் கற்றுக்கொள்வார்கள். அதனால் இங்கே ஒருவருக்குக் காது போனால் அவருக்கும் தெரியாது, மற்றவர்களுக்கும் தெரியாது. சுலோசனா இந்த வீட்டுக்கு வந்த முப்பத்தொரு வருஷத்தில் ஒருநாளும் அவர் முதுகைப் பார்த்துப் பேசியதில்லை.

அவர் குஞ்சைப் பார்த்தபடி இருந்தார். பின்னால் அவள் என்ன செய்கிறாள் என்று யோசிக்கவில்லை. எதையோ எடுக்கப் போயிருக்கிறாள் என்று நினைத்தார். கொஞ்ச நேரம் போயிற்று. நல்ல அமைதி.

சுலோசனா சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். தரையில் உட்கார்ந்தாள். அவருடைய முழங்காலைத் தொட்டாள்.

"மூணு தடவ கூப்ட்டன்யா" என்றாள்.

அவர் அவள் வாயையே பார்த்தார்.

"மொதல்ல மெள்ள கூப்ட்டன். ரெண்டாவது தபா சாதாரணமா. மூணாவது தபா, ப்ரியா வந்துக்கீறான்னு சொன்னன்."

அண்ணாதுரை கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகுதான் புரிந்தது. குஞ்சின் வாய் திறந்திருந்தது. தொண்டைக்குள் அந்தச் சின்ன நாக்கு அதிர்ந்தது. இவ்வளவு பக்கத்தில் ஒரு சத்தம் நடந்துகொண்டிருக்கிறது, காலையிலிருந்து நடந்துகொண்டிருக்கிறது, அவர் அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டு சாவு வரட்டும் என்று காத்திருந்திருக்கிறார்.

"பெருசு ரெண்டும் எங்க கீது?" என்று கேட்டார்.

"கொடிமேல. தவிச்சினு கீதுங்கோ."

"காலையில இருந்தேவா?"

"எனக்கு இன்னா தெரியும்? நான் இப்பதான வரன்." சொல்லிவிட்டு, அப்படிச் சொன்னது உறுத்தியது போல, "இருக்கும். புள்ள கத்தினா எங்க போவுங்கோ" என்றாள்.

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். வெயிலில் கண் கூசியது. கொடிக்கம்பியில் இரண்டு குருவிகளும் கொண்டையை நிமிர்த்திக்கொண்டு நின்றன. அலகு திறந்து திறந்து மூடியது. அவரைக் கண்டதும் ஒன்று தலைக்கு மேலே ஒரு சுற்று பறந்து, மறுபடி வந்து உட்கார்ந்தது. இத்தனையும் அவருக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது போலிருந்தது. கடைசியாக ஒரு பறவையின் சத்தத்தை எப்போது கேட்டோம் என்று நினைத்துப் பார்த்தார். கிளி எப்படிக் கத்தும், மைனா எப்படிக் கத்தும் என்பதெல்லாம் தெரியும். கேட்டது எப்போது என்றுதான் தெரியவில்லை. ஒரே நாளில் நின்றுபோயிருந்தால் தெரிந்திருக்கும். குக்கர் விசில், சுலோசனாவின் வளையல், கொலுசு போட்டுத் திரிந்த வயசில் ப்ரியா. எதுவும் போகும்போது சொல்லிக்கொண்டு போகவில்லை.

கூடு ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கியது. உள்ளே வேறு குஞ்சு இல்லை. அதிலேயே வைக்கலாமா என்று கையை நீட்டியவர், தொங்கிக்கொண்டிருந்த நூல்களைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். செடியின் நடுவில் மூன்று கிளை பிரிகிற இடமாகப் பார்த்துக் குஞ்சை உட்கார வைத்தார். நல்ல கால் மட்டும் கிளையைப் பிடித்தது. கெட்ட கால் ஒரு தடவை நழுவி, பிறகு விரல்கள் மெதுவாக மடிந்தன.

"தள்ளி வா. நீ நின்னா அதுங்கோ வராது" என்று தோளைத் தொட்டு இழுத்தாள் சுலோசனா. இரண்டு பேரும் தண்ணீர்த் தொட்டி ஓரமாகப் போய் நின்றார்கள். அவள் அவரைப் பார்க்கிற மாதிரித் திரும்பி நின்றுகொண்டாள்.

"ப்ரியாகிட்ட சொல்லிடறன்."

"வாணாம்."

"ஏன் வாணாம்?"

"சொன்னா மட்டும் இன்னா? செவுட்டு ஆளாண்ட கொயந்தய வுட்டுட்டுப் போவாளா?"

"வுடமாட்டாதான்" என்றாள். அவள் எப்போதும் இல்லாததை இருக்கிறது என்று சொல்கிறவளல்ல. "ஆனா கல்லுன்னாள்ள. அது வேற, இது வேற இல்லியா?"

அவர் மனசுக்குள் ஏதாவது இறங்குகிறதா, லேசாகிறதா என்று பார்த்தார். ஒரு மாதமாகத் தன்னைப் பற்றித் தான் நினைத்திருந்தது தப்பு என்று தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன, சேலை முறுக்கிய அந்த நாவல்பழ முகம் அப்படியே இருந்தது. இத்தனை நாள் சத்தமில்லாமல் இருந்தது, இப்போது வாய் திறந்து இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

"கொயந்தைக்கு ரெண்டும் ஒண்ணுதான" என்றார்.

சுலோசனா இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். "பூன வருதான்னு பாத்துக்கினு இரு. நவுராத" என்றாள். பிறகு வாசற்பக்கம் போகிற சந்து வரை நடந்து, அங்கே நிழலில், அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

அவர் செடியைப் பார்த்தார். கொடியிலிருந்து ஒரு குருவி இறங்கி மதில்மேல் உட்கார்ந்தது. அதன் அலகில் பச்சையாக ஒரு புழு நெளிந்தது. புழுவை வைத்துக்கொண்டு அதனால் கத்த முடியாது என்று அவர் நினைத்தார். அப்படியானால் இப்போது அது தனக்கும் சுலோசனாவுக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும். குஞ்சு இலைக்குப் பின்னால் மறைந்திருந்தது. இலை மட்டும் ஆடியது. காற்றில்லை.

சந்தில் சுலோசனா பேச ஆரம்பித்துவிட்டாள் போலிருந்தது. தலை அசைந்தது. பூ வைத்த பின்னல் ஒருபக்கமாக நகர்ந்தது. வெறுங்கை மேலே எழுந்து தன் காதைத் தொட்டது, தொட்டபடியே நின்றது, போனில் பார்க்க முடியாது என்பது மறந்துபோனவளைப் போல. பிறகு கை இறங்கவே இல்லை. இப்போது அவள் பேசவில்லை, அந்தப் பக்கம் சொல்வதைக் கேட்கிறாள். முதுகை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் அவளை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தார், வைத்த காலை அப்படியே நிறுத்தினார். மதிலிலிருந்து குருவி தாவியிருந்தது.

அது செடியின் மேல்கிளைக்கு வந்து, ஒரு கிளை இறங்கி, தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டார். குருவி இன்னும் ஒரு கிளை இறங்கியது. இலைகளுக்கு நடுவே சிவப்பாக அந்த வாய் திறந்தது.